பூ வைத்த குழல்

என் சாப்பாட்டுக் கடைக்கும் நிசாந்தினியின் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். கனடாவில், மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, முன்பக்கம் கடைகளும் பின்பக்கம் பட்டறைகளுமாகக் கிடக்கிற பழைய பிளாசா அது. அவள் லேத்தை ஓடவிட்டால் நான் அடுக்கி வைத்திருக்கிற தேங்காய்ப்பால் டின்கள் கிலுகிலுக்கும். நான் மிளகாய் வறுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தும்முவது கேட்கும். இரண்டு பேரும் பிளாசாக்காரனிடம் மாறி மாறி முறைப்பாடு வைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சிநேகிதம் பிடித்துக்கொண்டோம்.

அவளுக்கு ஊர் மட்டக்களப்பு, எனக்கு யாழ்ப்பாணம். "பிறகு" என்பதற்கு அவள் "மறுகா" என்று தொடங்கினால் நான் சிரிப்பேன்; நான் "உது என்ன" என்றால் அவள் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். மிசிசாகாவில் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் பல வருடம் லேத்தில் நின்றவள். அது மூடப்பட்டபோது அவளும் புருஷன் கோணேஸ்வரனும் கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கினார்கள். லேத் அவளுடையது. மெசின் திருத்துவது, சாமான் ஏற்றி இறக்குவது அவன் வேலை. மிச்ச நேரத்தில் என் கடைக்கு வந்து தேத்தண்ணியைக் குடித்தபடி மனைவியைப் பற்றிப் பெருமையடிப்பான்.

அவள் செய்வது துவக்குக் குழல்.

முதன்முதல் கேள்விப்பட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனமடி நாங்கள். நீ இஞ்ச வந்து துவக்கோ செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"துவக்கு இல்லக்கா, குழல் மட்டும்தான்," என்றாள். "மான் வேட்டைக்குப் போறாக்களுக்கு. லைசென்ஸ் எடுக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அவனுகள் என்ர பிறந்த ஊர்ல இரிந்து எல்லாம் கேட்டானுகள்."

அவளுக்கு அது இரும்பு. நேராகத் துளைக்க வேண்டும், ஒரு தலைமயிர் அளவு பிசகக்கூடாது, அவ்வளவுதான். கோணேஸ்வரனுக்கு அப்படியில்லை. அவனுடைய அண்ணன் துவக்குச் சூட்டில் செத்தவன். குழல்களை அவன் எப்போதும் பழந்துணி சுற்றித்தான் தூக்குவான். கைரேகை பட்டால் துருப்பிடிக்கும் என்று சொல்லுவான். எனக்கு அது நம்பிக்கையில்லை.

கோடையில் வேலை படுத்துவிட்டது. லேத் ஓடாத நாட்களில் என் டின்கள் அசையாமல் நின்றன; அந்த அமைதி எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் கோணேஸ்வரன் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட ஒப்புக்கொண்டான். வருகிற திங்கட்கிழமை புறப்பட வேண்டும். கல்யாணம் முடித்த புதிதிலும் அவன் ட்ரக் ஓடியவன். மகள் அட்சயா தவழ்ந்ததையும் நடந்ததையும் அவன் போனில்தான் பார்த்தான். அதற்குப் பிறகு ட்ரக் என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"அக்கா, பருத்தித்துறை வடை ஒரு டின் சுட்டுத் தாங்க," என்று வந்து நின்றான். "றோட்டில கிழமைக்கணக்கா வெச்சுச் சாப்பிடலாம். பழுதாகாது."

சுட்டு வைத்தேன். டின்னை மூடி, ஒட்டுகிற ரேப் சுற்றி, சுவர்த் தட்டின் மேலே வைத்தேன். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில்தான் பின்லாந்துக் கொம்பனி ஒன்று நிசாந்தினியைத் தேடிப் பிடித்தது. வேட்டைத் துவக்குக்குக் குழல் வேண்டும், குழலின் வாயில் சத்தம் குறைக்கிற கருவி பூட்டுவதற்குத் திருகுப் புரி வெட்டியிருக்க வேண்டும். அந்தக் கருவி கனடாவில் தடை. சாதாரண ஆள் வைத்திருந்தால் பிடித்து மறியலில் போட்டுவிடுவார்கள். பின்லாந்திலோ வேட்டைக்காரருக்கு அது காதைக் காக்கிற சாமான், செருப்பைப் போல எல்லோரும் வைத்திருப்பார்களாம். என்ன உலகமோ. நிசாந்தினி கருவியைத் தொடுவதில்லை. அவள் புரி வெட்டிய குழலை மட்டும் அனுப்புவாள். மாதிரிக் குழல்கள் சோதனையில் தேறினால் வருடம் முழுக்க வேலை. கோணேஸ்வரன் ட்ரக் ஏற வேண்டியதில்லை. தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

சோதனைக்கு அந்தக் கொம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐனோ என்று பெயர். நெடுத்த உருவம், அளந்த பேச்சு. முதல் நாள் பின்னேரம் குழல்களை வரிசையாகப் போட்டுத் தானே மூன்றைப் பொறுக்கினாள், அளந்தாள், ஒரு நீளப் பெட்டியில் வைத்து, கொளுக்கியில் கம்பி கோர்த்து ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்தாள். பிறகு என் கடைக்கு வந்து மட்டன் ரோல் தின்றாள். முகம் சிவந்தது, மூக்கால் ஓடியது, இன்னொன்று கேட்டாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ரோலைத் தின்றுகொண்டே விதியை எனக்கும் விளக்கினாள். வழக்கமான தோட்டாவை விட அழுத்தம் கூடிய தோட்டாவை அந்தக் குழலில் சுடுவார்கள், குழலுக்கு இரண்டு. அதற்குப் பிறகும் வீங்காமல், வெடிக்காமல், தோட்டாவின் வெற்றுக் கோது உள்ளே ஒட்டாமல் இருந்தால் அடையாளம் குத்துவார்கள். புரி வெட்டினால் வாயில் இரும்பு மெலிகிறது. ஆகவே புரி வெட்டிய பிறகுதான் சோதனை. சோதித்த பிறகு அரமும் படக்கூடாது. "பொறுக்கியது முதல் சுடுவது வரை என் முத்திரைக்குள்தான் இருக்க வேண்டும்," என்று ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னாள். கோணேஸ்வரன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அவனுடைய ஆங்கிலம் ட்ரக் ஓடப் போதுமானது, மற்றதற்குத் தலையாட்டுவான்.

பெட்டி நீளமானது, இரும்பு அலுமாரிக்குள் அடங்கவில்லை. உள்ளறையில் வைத்துப் பூட்டினார்கள்; அந்தத் திறப்பு கோணேஸ்வரனிடம். மிச்சக் குழல்கள் அலுமாரியில். அதைப் பூட்டித் திறப்பை நிசாந்தினி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஆயுத பூசை.

விடிய நான் கடலை அவித்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது கோணேஸ்வரன் முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசித் தனியாக நின்றான். இரவெல்லாம் புரண்டு படுத்த நிசாந்தினி விடியத்தான் கண்ணயர்ந்தாளாம்; எழுப்ப மனம் வரவில்லை என்றான். லேத்துக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. துளைக்கிற மெசினுக்கு, அளக்கிற கோல்களுக்கு, ஸ்பானர்களுக்கு, தூக்குகிற வண்டிலுக்கு, கடைசியில் கூட்டுகிற தும்புத்தடிக்கும் ஒரு பொட்டு. கற்பூரம் கொளுத்தியபோது நெருப்பு எச்சரிக்கைப் பெட்டி கத்தாமலிருக்க அதன்மேல் பொலித்தீன் பை கட்டியிருந்தான். பிளாசாவுக்கு வந்த பிறகு நான் பார்த்த வடிவான பூசை அது.

பகல் பன்னிரண்டு மணிபோல, நான் சாப்பாடு கொண்டுபோகிற வானில் மூவரும் புறப்பட்டோம். ஊருக்கெல்லாம் மெசின் திருத்துகிற கோணேஸ்வரனுடைய வானுக்குப் பிரேக் இல்லை. சோதனை நடக்கிற சூட்டுத் திடல் பிக்கரிங்குக்கு வடக்கே, பண்ணைகள் நடுவில். ஐனோ வாடகைக் காரில் நேரே அங்கே வருவாள். குழல்களை அவள் ஏற்றக்கூடாது, லைசென்ஸ் நிசாந்தினி பேரில். அங்கே சாப்பாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது என்று நான் ரோலும் சம்பலும் பாணும் கட்டிக்கொண்டு கடையைப் பூட்டினேன். உண்மையைச் சொன்னால், சாப்பாடு ஒரு சாட்டு. எனக்குப் பார்க்க வேண்டும்.

மழை விட்டிருந்தது. காற்று வானைத் தள்ளியது. நிசாந்தினி முன் சீட்டில் இரண்டு கையையும் தொடைக்குள் செருகிக்கொண்டு இருந்தாள்.

"பயப்பிடாதை பிள்ளை," என்றேன். "உன்ரை மனுசன் காலமை செய்த பூசைக்கு எல்லாம் சரிவரும். தும்புத்தடிக்கும் பொட்டு வைச்சவர் எண்டால் பாரன்."

அவள் சிரித்தாள். "தும்புத்தடிக்குமா? கடவுளே. மறுகா குழலுக்கு வெக்கல்ல எண்டு கவலைப்பட்டிருப்பார்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் கோணேஸ்வரன் பக்கத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி மூடி திரும்புகிற பிணைச்சல் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. சமைக்கிறவளுக்கு மஞ்சளும் தெரியும் சந்தனமும் தெரியும்.

"தம்பி," என்றேன், "உதென்ன பெட்டியிலை?"

நிசாந்தினி திரும்பினாள். அவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "நீங்க இத துறந்தயளா?"

"முத்திரை அப்பிடியே இரிக்கு நிசா. நான் முன்பக்கம் தொடல்ல. பின்னால பிணைச்சல் ஆணியக் கழட்டி, மறுகா அப்பிடியே போட்டுட்டன். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன்?"

"ஆயுதம் இல்லாம ஆயுத பூசையா? அலுமாரித் திறப்பு உன்னட்ட. உன்ன எழுப்ப ஏலாது. இண்டைக்குச் சோதினைக்குப் போறதுக்கே பூ வெக்காம விடுறதா?"

"என்ன செஞ்சயள்? வடிவாச் சொல்லுங்க."

"சந்தனம் வெச்சன். பூ வெச்சன். மேல வெச்சா உருளுது, நிக்குதில்ல. வாயில செருகினன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நிசாந்தினியின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

"மறுகா எடுத்தயள்தானே?"

"எடுத்தன். ஒண்டில மட்டும் காம்பு முறிஞ்சிட்டு. கம்பி விட்டு இழுத்தன். வந்திட்டு. சத்தியமா வந்திட்டு."

"அக்கா, வான நிப்பாட்டுங்க," என்றாள்.

பிக்கரிங்கில் இறங்கி ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பில் நிறுத்தினேன். மூவரும் வெளியே வந்தோம். காற்று என் சேலையைப் பிடித்து இழுத்தது. சனம் கோப்பியுடன் எங்களைத் தாண்டி ஸ்டேசனுக்கு ஓடியது. வானின் பின்கதவைத் திறந்துவைத்து, பெட்டியைச் சுற்றி நின்றோம்.

கோணேஸ்வரன் மெல்ல ஆரம்பித்தான். "ஆணி கழட்ட ரெண்டு நிமிசம். துடைக்கிற கம்பி இரிக்கு, எண்ணெய் இரிக்கு. துடைச்சுப் போட்டு மூடுவம். கொண்டு குடுப்பம். முடிஞ்சிது."

"ஓமடி," என்றேன் நானும். "துடைச்சால் போச்சு. சொன்னால் அவள் பெட்டியை மூடிக்கொண்டு பிளேன் ஏறிடுவாள். இவர் ட்ரக் ஏறிடுவார்." நானென்றால் துடைத்துவிட்டு வாயையும் துடைத்திருப்பேன். அந்த நேரம் எனக்கு அதுதான் சரியென்று பட்டது.

நிசாந்தினி பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, துவக்க எப்பிடிப் பிடிப்பாங்க தெரியுமா? கன்னத்த வெச்சு. நான் புரி வெட்டக்குள்ள ஒவ்வொரு நாளும் அதத்தான் நினைக்கிற. இந்தக் குழலுக்குப் பக்கத்தில ஒரு ஆள்ர கன்னம் இரிக்கும். ஆரோ ஒரு பிள்ளைர அப்பா. அவன் என்னை நம்பி இல்ல, அந்த அடையாளத்த நம்பித்தான் கன்னத்த வெக்கிறான். அந்த அடையாளம் இந்த முத்திரையில இரிந்துதான் வருது."

"நீ செய்த குழல் நல்ல குழல்தானே?"

"நல்லந்தான். அதுக்காகப் பொய்யில தொடங்க ஏலாது."

கோணேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் ஏன் பூ வெச்சன் எண்டு கேளு," என்றான். "வேல கிடைக்கோணும் எண்டு கும்பிடல்ல நிசா. இது ஒரு மனிசரையும் சாகடிக்கக் கூடா எண்டு கும்பிட்டன். நீ செய்யிற ஒவ்வொண்டுக்கும் எனக்கு அந்தப் பயம்தான்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவன் இதை அவளிடம் சொன்னதில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. பெட்டியிலிருந்து கையை எடுத்து அவன் தோளில் வைத்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டுக்குத்தான் பயப்பிடுறம்," என்றாள். "ஏறுங்க. போய்ச் சொல்லுவம்."

சூட்டுத் திடலில் றெமிஜியஸ் நின்றான். அங்கே பொறுப்பாளன், எங்கள் ஆள், யாழ்ப்பாணம் குருநகர். சோதனைத் தோட்டாக்கள் முன்கூட்டியே அவன் பெயருக்கு வந்திருந்தன. குழலைப் பூட்டிச் சுடுகிற இரும்பு மேசையை மணல் மூட்டை மதிலுக்குள் தயார்பண்ணி வைத்திருந்தான். யாரும் கிட்ட நிற்பதில்லை; மதிலுக்கு வெளியே நின்று கயிற்றை இழுப்பது.

நிசாந்தினி நேரே ஐனோவிடம் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஆயுத பூசையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லுவது என்று தடுமாறினாள். "கருவிகளுக்கு நன்றி சொல்கிற நாள்," என்றாள். "என் கணவர் குழலின் வாயில் பூ வைத்துவிட்டார்."

ஐனோவின் முகம் அசையவில்லை. பெட்டியை வாங்கி, பிணைச்சலைப் பார்த்து, தன் முத்திரையைத் தானே வெட்டினாள். ஒவ்வொரு குழலாக எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தாள். மூன்றாவதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கோணேஸ்வரனைக் கூப்பிட்டுக் குழலை நீட்டினாள்.

அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "ஐயோ," என்றான். வாய்க்குக் கொஞ்சம் உள்ளே காம்பு முறிந்து குறுக்கே இறுகியிருந்தது. அதைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கட்டியாகிவிட்டது. சத்தியமாக வந்துவிட்டதென்று நினைத்தவன் அவன்.

"இந்த மூன்றும் இனி மாதிரி இல்லை. விதி அப்படி," என்றாள் ஐனோ.

நிசாந்தினி தலையாட்டினாள். ஐனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பட்டறையில் மிச்சம் இருக்கிறதல்லவா? என் விமானம் இரவுதான். நானே வந்து புதிதாகப் பொறுக்குகிறேன். திடல் எத்தனை மணிவரை?"

"நாலு," என்றான் றெமிஜியஸ். பிறகு தமிழில் எங்களிடம், "நாலுக்குப் பிறகு ஒரு வெடி வைச்சாலும் பண்ணைக்காரர் சிற்றிக்குப் போன் அடிப்பினம் அக்கா. கெதியாப் போட்டு வாங்கோ. மாதாவே, பூவோ வைச்சனீங்கள்?"

வான் பறந்தது. நான் ஓட்டினேன், பக்கத்தில் ஐனோ, பின்னால் நிசாந்தினி. கோணேஸ்வரனைத் திடலிலேயே விட்டோம், இன்னொரு பூசை செய்யாதபடி றெமிஜியஸைக் காவல் வைத்து. இருபது வருடமாக நான் ஸ்காபரோவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்; குறுக்கு வழி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போலீஸ்காரன் மறித்திருந்தால் அவனுக்கும் ரோல் கொடுத்துவிட்டு ஓடியிருப்பேன். ஐனோ கைப்பிடியைப் பிடித்தபடி பாணும் சம்பலும் தின்றாள், அழுதாள், தின்றாள்.

"தும்புத்தடிக்கும் நன்றி சொல்வீர்களா?" என்று கேட்டாள்.

"அது இல்லாவிட்டால் எப்படிக் கூட்டுவது?" என்றேன். யோசித்துவிட்டு, சரிதான் என்றாள்.

பட்டறைக்குள் நுழைந்தவள் பூச்சூடிய லேத்தைக் கண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு அலுமாரிக்கு முன்னால் குந்தினாள். ஒன்று எடுத்தாள். இரண்டாவது எடுத்தாள். மூன்றாவதில் கை வைத்தபோது நிசாந்தினி என் கையை நசுக்கினாள்.

"அது வேணாம்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "இவர் ட்ரக்குக்கு ஓம் சொன்ன அண்டைக்குப் புரி வெட்டினது. அழுதழுது வெட்டின. கண் தெரியல்ல."

"சொல்லேன் அவளுக்கு."

"எப்பிடிச் சொல்லுற? அளவெல்லாம் சரியா இரிக்கு. பல தரம் அளந்து பாத்தன். என்ர மனசுதான் சரியில்ல."

ஐனோ அதையே எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்தாள். முத்திரையை நசுக்கினாள். இந்தமுறை பிணைச்சலுக்கும் ஒன்று.

திரும்பிப் போனபோது ஸ்டீல்ஸில் குழாய் வேலை. ஒரு பாதை மூடியிருந்தது. வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே பூந்து, ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி, வடக்கே ஏறினேன். திடலில் சில்லு நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. றெமிஜியஸ் வாசலிலேயே நின்று "வாங்கோ, வாங்கோ" என்று கையை வீசினான்.

முதல் குழல். பூட்டினார்கள், தோட்டா போட்டார்கள், எல்லோரும் மதிலுக்கு வெளியே வந்தோம். காதுக்கு மூடி தந்தார்கள். றெமிஜியஸ் கயிற்றை இழுத்தான்.

அந்தச் சத்தம் எனக்குக் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் இதே சத்தத்துக்கு நிலத்தில் விழுந்து படுத்தவள் நான். கோணேஸ்வரன் இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவனும் விழவில்லை, நானும் விழவில்லை. இரண்டாவது வெடி. ஐனோ போய்த் தடவினாள், அளந்தாள், உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தாள், வாயில் புரி மூடியை வைத்துச் சுழற்றினாள். அது தண்ணியில் போவது போலப் போனது. கட்டைவிரலை உயர்த்தினாள். இரண்டாவது குழலுக்கும் அதே விரல்.

அழுது வெட்டியதைப் பூட்டினார்கள். நிசாந்தினி கோணேஸ்வரனின் சட்டைக் கையைப் பிடித்தாள். முதல் வெடி. ஒன்றுமில்லை. இரண்டாவது வெடி. ஐனோ மதிலுக்குள் போனாள். மற்றவற்றை விட நேரம் எடுத்தாள். மூடியைச் சுழற்றினாள், கழற்றினாள், திரும்பவும் சுழற்றினாள். நான் நல்லூரானைக் கூப்பிட்டேன், றெமிஜியஸ் மாதாவைக் கூப்பிட்டான்.

ஐனோ வெளியே வந்தாள். "மூன்றிலும் இதன் புரிதான் திறம்," என்றாள். "இதை வெட்டிய நாளில் நீ மிகவும் கவனமாக இருந்திருக்கிறாய்."

நிசாந்தினி சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. ஐனோ சிறிய உளியையும் சுத்தியலையும் எடுத்து ஒவ்வொரு குழலிலும் அடையாளம் குத்தினாள். மூன்று தட்டு. அவ்வளவு வெடிக்குப் பிறகும் அந்தச் சின்னச் சத்தம்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஐனோ காம்பு இறுகிய குழலைத் தூக்கினாள். "இது எப்படியும் செத்ததுதான். நமக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள்.

நிசாந்தினி தலையாட்டினாள். பூட்டினார்கள். கயிறு இழுத்தார்கள்.

அந்த வெடி வேறு மாதிரி இருந்தது. புகை அடங்கிப் போய்ப் பார்த்தோம். குழலின் வாய் புரியோடு பிளந்து, வாழைப்பூ மடல் மாதிரி வெளியே மடிந்திருந்தது. ஒரு துண்டு மணல் மூட்டையில் புதைந்து நின்றது. செவ்வந்திக் காம்பு செய்த வேலை. கோணேஸ்வரன் நிலத்தில் இருந்துவிட்டான்.

"துடைச்சிருப்பம்," என்றான். "கோப்பிக் கடை வாசல்ல, அந்தக் காத்துக்க. நான் சத்தியம் பண்ணினன். நீயும் என்னை நம்பி உள்ளுக்குப் பாக்காம விட்டிருந்தா?"

நிசாந்தினி அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். நான் பிளந்த வாயிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். துடைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்திதானே.

ஐனோதான் பேசினாள். வருடத்துக்கான வேலை நாளைக் காலை எழுத்தில் வரும் என்றாள். குழலைப் பற்றி அவளுக்கு இப்போது தெரியும். செய்கிறவளைப் பற்றி அதைவிட நன்றாகத் தெரியும் என்றாள். பிறகு கோணேஸ்வரனைப் பார்த்து, பூசையை நிறுத்த வேண்டாம், முத்திரைக்கு முன்னால் செய்யுங்கள், பிறகு கழுவுங்கள் என்றாள். அதை நான் தமிழில் சொன்னேன். அவன் இந்தமுறை விளங்கித்தான் தலையாட்டினான். பிளந்த குழலைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டான். பழந்துணி சுற்றாமல், வெறுங்கையால் அதைத் தூக்கிக்கொண்டு வானுக்கு வந்தான்.

பிளாசாவுக்கு வந்து சேர்ந்ததும் அவன் நேரே பட்டறைக்குள் போனான். நான் கடை விளக்கைப் போட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். கொஞ்சத்தில் பின்பக்கத்தால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பிளந்த வாய்க்குள் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகி, லேத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்தான்.

"இதுக்கு மட்டும் ஒவ்வொரு வருசமும் வெப்பன்," என்றான். "இதாலதான் இனி ஒருத்தரையும் சுட ஏலாது."

பிறகு இருவரும் என் கடைக்கு வந்தார்கள். நிசாந்தினி கதிரையில் விழுந்தாள். கோணேஸ்வரன் நிமிர்ந்து தட்டின் மேலே பார்த்தான். எட்டி, ரேப் சுற்றிய டின்னை இறக்கினான்.

"உது றோட்டுக்கெல்லோ தம்பி," என்றேன். "திங்கக்கிழமைக்குச் சுட்டது."

"திங்கக்கிழம லேத்துக்கு எண்ணெய் விடோணும் அக்கா," என்றான். ரேப்பைப் பல்லால் கடித்து இழுத்தான். மூடியைத் திறந்து முதல் வடையை நிசாந்தினியிடம் நீட்டினான்.

அவள் கடித்தாள். நான் தேத்தண்ணிக் கேட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து அவர்களோடு இருந்தேன். கிழமைக்கணக்காகத் தின்ன வேண்டிய வடையை மூன்று பேரும் அந்த ஒரு இருப்பிலேயே தின்று முடித்தோம்.